நான்காவது ஆட்டத்தில் தோற்றவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்கள் அணிகளுக்கான உலக பாட்மின்டன் போட்டியான தாமஸ் கோப்பையை இந்தியா வென்ற வரலாற்றுக்கு ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். கிரிக்கெட்டைத் தாண்டி ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். அதற்கு முதலில் நன்றி.

ஆனால் படித்து முடித்ததும் மனம் ஆறவில்லை. 2022 மே 15 அன்று பாங்காக்கில் இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்திய இறுதிப் போட்டிக்கு ஐந்து பத்திகள். அதற்கு முந்தைய காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் சேர்த்து ஒரே வரி: ‘மலேசியாவையும் டென்மார்க்கையும் கடந்து’. அந்தக் ‘கடந்து’ என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் நடந்தது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த அணிப் போட்டியில் ஒவ்வொரு மோதலுக்கும் ஐந்து ஆட்டங்கள்: மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். பிரிவுச் சுற்றில் வெற்றி தோல்வி தெரிந்துவிட்டாலும் ஐந்தையும் ஆடி முடிப்பார்கள். தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட்டில் அப்படியில்லை. ஓர் அணி மூன்றாவது வெற்றியைத் தொட்ட நொடியில் மோதல் முடிந்துவிடும். மிச்சமிருப்பவர்கள் கோர்ட்டில் கால் வைக்காமலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆகவே நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் ஆட வேண்டியவர்கள், தங்களுக்கு வேலை இருக்குமா என்பதே தெரியாமல் மணிக்கணக்கில் தயாராக இருக்க வேண்டும்.

மலேசியாவுக்கு எதிரான காலிறுதியில் லக்‌ஷயா சென், லீ ஸி ஜியாவிடம் தோற்றார். சாத்விக்சாய்ராஜ் - சிராக் ஷெட்டி ஜோடி சமன் செய்தது. அடுத்த ஒற்றையரில் கிடாம்பி ஸ்ரீகாந்த் 2-1 என முன்னிலை வாங்கித் தந்தார். நான்காவதாக, இரண்டாவது இரட்டையரில் இறங்கியவர்கள் கிருஷ்ண பிரசாத் கராகாவும் விஷ்ணுவர்தன் கவுடும். எதிரே நின்றவர்களில் ஒருவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் இரட்டையர் வெண்கலம் வென்ற ஆரோன் சியா. 19-21, 17-21 என்று தோற்றார்கள். ஸ்கோரை இன்னொரு முறை பாருங்கள்: முதல் செட் இரண்டே புள்ளிகளில் போனது. ஒருபக்கமாகப் போன ஆட்டமா அது?

2-2. கடைசி ஒற்றையருக்கு எச்.எஸ். பிரணாய் வந்தார், லியாங் ஜுன் ஹாவை 21-13, 21-8 என்று வென்றார். 1979க்குப் பிறகு முதல் முறையாக இந்தியா தாமஸ் கோப்பை அரையிறுதிக்குள் நுழைந்தது. 43 ஆண்டுகள்!

டென்மார்க்குடன் நடந்த அரையிறுதி அதைவிடக் கடினம். லக்‌ஷயா, ஒலிம்பிக் சாம்பியன் ஆக்சல்செனிடம் வீழ்ந்தார். சாத்விக் - சிராக் ஜோடி மூன்றாவது செட்டை 22-20 என்று பிடுங்கியது. ஸ்ரீகாந்தும் மூன்று செட் போராடி ஆண்டன்செனை வென்றார். நான்காவது ஆட்டத்தில் மறுபடியும் அதே இளம் ஜோடி, மறுபடியும் தோல்வி, மறுபடியும் 2-2. ஐந்தாவதாக வந்த பிரணாய், முதல் செட்டில் வலையருகே ஷட்டிலை எடுக்கப் பாய்ந்து, வழுக்கி விழுந்து கணுக்காலைப் புரட்டிக்கொண்டார். சிகிச்சை முடிந்து எழுந்தவர் அந்த செட்டை 13-21 என இழந்தார். பிறகு அதே காலோடு ராஸ்மஸ் கெம்கேயை 21-9, 21-12 என்று வென்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இறுதிப் போட்டியில் முதல் மூன்று ஆட்டங்களிலேயே கதை முடிந்ததால் பிரணாய் ஆடவே இல்லை. இரண்டு நாக்-அவுட் மோதல்களை முடித்துக் கொடுத்தவரின் படம் உங்கள் பக்கத்தில் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். காலிறுதியிலும் அரையிறுதியிலும் தோற்ற லக்‌ஷயா, இறுதியில் 8-21 என்று முதல் செட்டை விட்டுக்கொடுத்த பிறகு இந்தோனேசியாவின் கின்டிங்கை வென்றார் என்பதையும் உங்கள் கட்டுரை எழுதவில்லை. முன்னால் இருந்த தோல்விகளைச் சொல்லாமல் அந்த வெற்றியின் எடையை எப்படிக் காட்ட முடியும்?

எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அலுவலக அணியில் பல வருடம் இரண்டாவது இரட்டையர் ஜோடியில் ஒருவனாக ஆடியவன். அந்த இடம் எப்படியிருக்கும் என்று தெரியும். முதல் ஆட்டம் நடக்கும்போதே உடம்பைச் சூடாக்கிவைத்திருப்போம். மூன்றாவது ஆட்டம் நீண்டுகொண்டே போனால் அந்தச் சூடு ஆறிவிடும். மறுபடி தாழ்வாரத்தில் குதித்துக்கொண்டிருப்போம். உள்ளே எழும் ஆரவாரம் யாருக்கானது என்று சுவரோரம் காதை வைத்துக் கேட்போம். கையிலிருக்கும் பழைய ஷட்டிலின் இறகுகளை என் கூட்டாளி ஒவ்வொன்றாக நீவிக்கொண்டேயிருப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். பெயரைக் கூப்பிடுவார்கள். எதிரணிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், இங்கேதான் உடைக்கலாம் என்று. எங்கள் ஊர்ப் போட்டிக்கே அப்படியென்றால் தாமஸ் கோப்பை அரையிறுதியில் அந்த இருவரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்?

அந்த இடத்தின் முக்கியத்துவம் 2024இல் சீனாவின் செங்டுவில் நடந்த தாமஸ் கோப்பையில் நமக்கே உறைத்தது. சீனாவுக்கு எதிரான காலிறுதியில் முதல் இரண்டு ஆட்டங்களும் போய், லக்‌ஷயா மூன்றாவதை வென்று உயிர் கொடுத்தார். நான்காவது ஆட்டமான இரண்டாவது இரட்டையரில் தோற்றோம். 1-3 என்று மோதல் அங்கேயே முடிந்தது. ஐந்தாவது ஒற்றையருக்கு வாய்ப்பே வரவில்லை. சாத்விக் - சிராக் ஜோடிக்குப் பின்னால் யார் என்ற கேள்வியை நம் விளையாட்டுப் பக்கங்கள் உரக்கக் கேட்க வேண்டும். அந்த ஜோடிகளின் பெயரையே அச்சிடாத பக்கம் எப்படிக் கேட்கும்?

என் கோரிக்கை சிறியது. அடுத்த தாமஸ் கோப்பையின்போது ‘இந்தியா 3-2 வெற்றி’ என்று தலைப்பிட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ஐந்து ஆட்டங்களின் ஸ்கோரையும், தோற்றவர்களின் பெயர்கள் உட்பட, கட்டம் கட்டி வெளியிடுங்கள். ஐந்து வரி இடம் போதும். ஊபர் கோப்பையில் ஆடும் நம் பெண்கள் அணிக்கும் அதே ஐந்து வரியைத் தாருங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்