மலைக்குப் போன கதை

அன்புள்ள மகளுக்கு,

"இன்று லீவு, தனியாக மலைக்குப் போனேன்" என்று வேல்ஸிலிருந்து நீ வாட்ஸ்அப்பில் போட்டதை வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டது, "அங்கேயுமா கொழுந்து எடுக்கிறாள்?" என்றுதான். நம் தேயிலைத் தோட்டத்தில் மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவதுதானே. படங்களைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. நான் அவசரப்பட்டு, பொம்பளைப் பிள்ளைக்குத் தனியாக என்ன நடை என்று போனில் ஏசிவிட்டேன். "நீங்களும் ஒரு நாள் சும்மா நடந்து பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பதில்தான் இது. போனில் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள்.

போன ஞாயிறு நம்ம ஹப்புத்தளைப் பக்கத்து லிப்டன் சீட் உச்சிக்கு நடந்தேன். தம்பேத்தன்ன தேயிலை ஸ்டோரிலிருந்து (ஃபேக்டரியிலிருந்து) 7 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். 9, 10 மணிக்கெல்லாம் மூட்டம் ஏறிவிடும் என்பதால் விடியுமுன்னே கிளம்பிவிட்டேன்.

முதல் தொல்லை கை. இத்தனை வருஷத்தில் வெறுங்கையோடு அந்த ரோட்டில் நான் போனதே இல்லை. பின்னால் கட்டினால் துரை மாதிரி இருக்கிறது, தொங்கவிட்டால் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்தியவன் மாதிரி இருக்கிறது. பாதி வழியில் திரும்பி வந்து, தேயிலைச் செடியைக் குறைத்து வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டேன். சிரிக்காதே. எதிரே வந்த எல்லாரும் "எங்கண்ணே காலையிலேயே?" என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்றதற்கு ஒருத்தர், "வீட்டுல சண்டையா?" என்றார். அதற்கு அடுத்த ஆளிடம் விறகு பார்க்கப் போகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

மேலே போகிற வழியில் ஒரு மலையில் புதுசாகக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். இலையே இல்லாமல் வெறும் கொம்பாக நிற்கும், பார்த்திருப்பாய். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் வழிந்து போகும். ஒரு செடியில் எவனோ அவசரக்காரன் தட்டையாக வெட்டி, பட்டையையும் கிழித்து வைத்திருந்தான். கிழிந்த இடம் ஈரமாக, நார் நாராகத் தொங்கியது. தண்ணீர் நின்றால் கொம்பு உள்ளுக்குள் அழுகிவிடும். எனக்குத் தாங்கவில்லை. குனிந்து அதைச் சரி செய்தேன். பிறகு பக்கத்துச் செடி. அப்புறம் அதற்கும் பக்கத்தில் ஒன்று. சும்மா நடக்க வந்தவன் சம்பளமில்லாமல் கால் மணி நேரம் வேலை செய்திருக்கிறேன்.

செடியடியில் டொலமைட் தூள் வெள்ளையாகக் கிடந்தது. அப்போதுதான் நீ நடந்த கிரேட் ஓர்ம் மலை ஞாபகம் வந்தது. கடலோரம் நிற்கிற சுண்ணாம்புக்கல் மலை என்று எழுதியிருந்தாயே, அங்கே ஒரு தேயிலைச் செடியும் பிழைக்காது. தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும். ஆனால் உரம் போட்டுப் போட்டு மண் அளவு மீறிப் புளித்துவிடும், அதைத் தணிக்கத்தான் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுகிறோம். மாத்தளை, கண்டிப் பக்கம் உடைத்து அரைக்கிற கல். அதுவும் ஆதியில் சுண்ணாம்புக்கல்தான், பூமிக்குள் வெந்து பளிங்காகிவிட்டது. உனக்கு ஒரு மலையாக நிற்பது எங்களுக்கு மூட்டையில் வருகிறது.

உன் மலையின் உயரம் 207 மீட்டராம். ஹப்புத்தளை ஸ்டேஷனே 1400 மீட்டருக்கு மேலே இருக்கிறது பிள்ளை! லிப்டன் சீட் 1970 மீட்டர். ஆனால் உனக்கு மூன்று பக்கமும் கடல். 1902இலிருந்து ஓடுகிற டிராம் வேறு. அதில் ஏறாமல் நடந்தாய் பார், அது என் புத்தி.

உச்சியில் லிப்டன் துரை சிலையாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். 1890இல் தோட்டத்தை வாங்கியவர். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே அம்பாந்தோட்டைக் கடல் தெரியும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்று கீழே தூரத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. தேத்தண்ணிக் கடைப் பையன் அது மேகம் என்றான். நான் கடல் என்றேன். ரெண்டு பிளேன்டீ குடிக்கும் வரைக்கும் வாக்குவாதம். முடிவதற்குள் மூட்டம் வந்து மூடிவிட்டது.

இறங்கும்போது பத்தடிக்கு முன்னால் ரோடு தெரியவில்லை. நான் எங்கே போனேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. விழுந்திருந்தால் விறகு பார்க்கப் போனதாகத்தான் தேடியிருப்பார்கள். ஆகவே ஏசினதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ தனியாகப் போ. ஆனால் போகுமுன் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ, கடலோர மலைக்கும் மூட்டம் வரும்தானே.

அடுத்த தடவை நீயும் வா என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "அந்த மலையில கூடை தூக்கினது போதும், எனக்குக் கடல் வேண்டாம்" என்கிறாள். அங்கே கல்லுக்குள்ளே சிப்பி இருக்கிறது, அந்த மலையே ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்று நீ சொன்னதையும் நம்பவில்லை. அந்தப் படம் என் போன் தண்ணீரில் விழுந்ததோடு போய்விட்டது. திரும்ப ஒரு தடவை அனுப்பு. சிப்பியின் கோடுகள் தெரிகிற மாதிரி, கிட்டத்தில் வைத்து எடுத்ததை.

அன்புடன்,
அப்பா