இலையுதிர்காலத் தவணையும் சைக்கிள், படகுப் பயணமும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இத்தவணையும் பாதியைக் கடந்துவிட்டது. வாணி விழா இனிதே நிறைவேறியது. பேச்சுப் போட்டியில் பங்குபற்றிய மாணவருக்கும் பயிற்றுவித்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுக்கள்.

ஓகஸ்ட் இறுதியில் மேல்வகுப்பு மாணவர் 24 பேர் சென்றுவந்த பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. நோர்வேயின் பேர்கன் நகரிலிருந்து ரயிலில் 1222 மீட்டர் உயரத்திலுள்ள பின்ஸே மலை நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ரல்லர்வேகன் என்ற மலைப்பாதை வழியாகக் கரையோர ஊரான புளோம் வரை சைக்கிளில் இறங்கினோம். 1909இல் திறக்கப்பட்ட பேர்கன் ரயில்பாதையை அமைத்த காலத்தில் பொருட்களைக் கொண்டுசெல்லப் போட்ட சரளைப் பாதை அது. வழியிலுள்ள மீர்டால் நிலையத்துக்குக் கீழே அடுத்தடுத்து வரும் 21 வளைவுகளில், ஆசிரியர் சொன்னபடியே எல்லோரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். (அன்று அதிகம் முனகியது என்னுடைய பிரேக்தான்.) ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை.

சிக்கல் சமதரையில்தான் வந்தது. மறுநாள் காலை நேரொய்பியோர்ட் என்ற, மலைகளுக்கிடையே கடல் புகுந்த ஒடுங்கிய நீர்வழியாகக் குட்வாங்கன் என்ற ஊருக்குச் செல்லும் படகில் ஏறுவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் எண்ணிப் பார்த்தபோது 22 பேரே நின்றார்கள். இருவரைக் காணவில்லை. பனியாறு குடைந்த பள்ளம் என்பதால் அங்கே கரையோரமே ஆழம். ஓர் ஆசிரியர் நீரைப் பார்த்தபடி கரை நெடுகிலும் ஓடினார், இன்னொருவர் வந்த பாதையிலேயே திரும்பிச் சென்றார். படகு போய்விட்டது. ஒரு மணி நேரத்தின் பின்னரே, முதல்நாள் இரவு காரில் வந்திருந்த பெற்றோர் விடியற்காலையில் அவ்விருவரையும் அழைத்துச் சென்றதும், ஒரு நண்பனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனதும் தெரியவந்தது. அதனால் பஸ்ஸும் ரயிலும் தவறி, ஏனைய பெற்றோர் பேர்கன் நிலையத்தில் இரவு வரை காத்திருக்க நேர்ந்தது.

சோற்றுப் பொதிகளோடு அவ்வளவு தூரம் வந்தது அன்பினால் என்பதை நான் அறிவேன். களைத்த பிள்ளையை இடையில் அழைத்துச் செல்வதிலும் தவறில்லை; திரும்பிச் செல்வதில் வெட்கமில்லை என்று நோர்வேயின் மலைவிதிகளே கூறுகின்றன. ஆயினும், 24 என்று எழுதிய பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரிடம் நேரில் வந்து கையொப்பமிடாமல் எந்தப் பிள்ளையையும் இனி அழைத்துச் செல்ல முடியாது. தொலைபேசிச் செய்தியோ பிள்ளையிடம் சொல்லியனுப்புவதோ ஏற்கப்படாது. இதற்கு உடன்படாதவர்களின் பிள்ளைகளை அடுத்த ஆண்டுப் பயணத்தில் சேர்க்க மாட்டோம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அந்த ஒரு மணி நேரம் என் நெஞ்சை விட்டு இன்னும் போகவில்லை. நிலையத்தில் குளிரில் நின்றும் ஒரு சொல் கடிந்து பேசாத பெற்றோருக்கும், கம்பளி உடைகளும் தலைக்கவசங்களும் இரவல் தந்த குடும்பங்களுக்கும், மறுநாளே என்னை அழைத்து வருந்திய அவ்விரு பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. இத்துடன் உள்ள படிவத்தை ஒப்பமிட்டு, அடுத்த சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்