கோல்டினின் கணக்கும் உன் கணக்கும்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். ராத்திரி போன் கால் இல்லாத டீமுக்கு நீ மாறப்போவதாகவும், அதில் சம்பளம் குறையும் என்றும் மாப்பிள்ளை சொன்னார். முடிவெடுக்கும் முன் கிளாடியா கோல்டினைப் பற்றிக் கொஞ்சம் கேள்.

2023இல் பொருளாதார நோபலைத் தனியாக வாங்கியவர். அதற்கு முன் வாங்கிய இரண்டு பெண்களும் ஆண்களோடு பகிர்ந்துதான் வாங்கினார்கள். 1946இல் நியூயார்க்கில் பிறந்தவர். நுண்ணுயிரியல் படிக்க கார்னெல் போய், அங்கே பொருளாதாரத்துக்குத் தாவினார். சிகாகோவில் செய்த முனைவர் பட்ட ஆய்வு, அமெரிக்கத் தென்மாநில நகரங்களில் இருந்த அடிமை முறை பற்றியது. 1990இல் ஹார்வர்டு பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பேராசிரியரான முதல் பெண்.

பட்டங்களை விட எனக்குப் பிடித்தது அவர் பழைய ஏடுகளைத் துருவிய விதம்தான். அந்தக்கால அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் கல்யாணமான பெண்ணின் தொழில் என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் 'மனைவி' என்றுதான் இருக்குமாம். வயலில், கடையில், வீட்டுத்தொழிலில் புருஷனோடு சேர்ந்து உழைத்தவளும் அதில் அடக்கம். வேறு ஆவணங்களோடு ஒப்பிட்டு அவர் திருத்திப் பார்த்தபோது, 1890களின் முடிவில் வேலை செய்த மணமான பெண்கள், பதிவானதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தார்கள்.

2001 கணக்கெடுப்புக்கு நாங்கள் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனது உனக்கு நினைவிருக்கும். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, "நான் சும்மா வீட்லதான் இருக்கேன் டீச்சர்" என்பார்கள். கை மட்டும் நிற்காது. நான் திரும்பக் கேட்டுப் பீடி என்று எழுதினேன். எல்லோருக்கும் திரும்பக் கேட்கப் பொறுமை இருந்திருக்குமா, தெரியவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். சிகாகோவில் எம்.பி.ஏ. முடித்தவர்களைக் கோல்டினும் இன்னும் இருவரும் ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். பத்துப் பதினைந்து வருடத்தில் பெரிய இடைவெளி. முக்கியக் காரணம் குழந்தை வந்தபின் பெண்கள் வேலையை விட்டு விலகியிருந்த காலமும், குறைத்துக்கொண்ட நேரமும். எந்நேரமும் கூப்பிட்டால் ஓடிவருகிறவருக்குச் சில வேலைகளில் சம்பளம் விகிதத்துக்கு மீறிக் கூடுகிறது. அதை அவர் பேராசை பிடித்த வேலை என்கிறார். வீட்டில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அது பெரும்பாலும் யார் என்று உனக்கே தெரியும். மருந்தாளுநர் வேலையில் ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்க முடிவதால் அங்கே இடைவெளி குறைவாம்.

உனக்குத் திறமை போதவில்லை என்று போனில் சொன்னாயே, அதை நான் ஏற்கவில்லை. மாப்பிள்ளை நல்லவர், கேட்டால் யோசிப்பார். அவர் டீம் மாற முடியுமா என்றும் பேசிப் பாருங்கள். அதுவரை பொங்கல் முடிந்ததும் நான் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், தேதி சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
அம்மா