ஏ.சி. பணம் கிடைத்தது

காட்பாடி

அன்புள்ள கயல்,

ஏ.சி. வாங்க நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. கத்திரி வெயிலில் அப்பா என்ன பாடு படுகிறாரோ என்று பயந்திருக்கிறாய். வேலூர் வெயில் எனக்குப் பழகியது. இப்போது என் பகை வறட்சிதான். ஏ.சி. காற்றில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

குரல்வளையை எடுத்த பிறகு என் மூச்சு முழுவதும் கழுத்துத் துளை வழியாகத்தான். மூக்கு இத்தனை காலம் காற்றை வடிகட்டி, ஈரமாக்கி, உடம்புச் சூட்டுக்கு அருகே கொண்டுவந்து நுரையீரலுக்குக் கொடுத்திருக்கிறது. அது எனக்குத் தெரியவே தெரியாது. உன் அம்மா வதக்கும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயின் வாசனையும் அதோடு போயிற்று.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வார்டில் கழுத்தருகே ஒரு மாஸ்க் கட்டி, தண்ணீர் பாட்டிலிலிருந்து வரிவரியான குழாய் வழியே ஈரக்காற்று விட்டார்கள். இரண்டாம் நாள் இரவு பாட்டில் வற்றியதை யாரும் பார்க்கவில்லை. விடியற்காலையில் மூச்சு அடைத்தது. கூப்பிடக் குரல் ஏது? டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினேன். அம்மா பதறி எழுந்து ஓடினாள். சிஸ்டர் துளையில் சலைன் சில சொட்டு விட்டு, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தார். காய்ந்த வேப்பம்பிசின் போல ஒரு சளிக்கட்டி. அதற்குப் பிறகு வந்த மூச்சை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வீடியோவில் என் கழுத்தில் பார்த்து நீ முகம் திருப்பிக்கொண்டாயே, அந்த வட்ட வில்லைதான் இப்போது எனக்கு மூக்கு. உள்ளே ஒரு பஞ்சு இருக்கிறது. வெளியே விடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, அடுத்த மூச்சில் திருப்பித் தருகிறது. தினமும் மாற்ற வேண்டும். சிக்கனம் பார்த்து அம்மா ஒன்றைக் கழுவிக் காயவைத்தாள். கூடாது, பஞ்சில் ஏற்றியிருக்கும் உப்பு தண்ணீரோடு போய்விடும். அதனால் உன் பணத்தில் இந்த வில்லைகளையே வாங்கிக்கொள்கிறேன், சரியா?

இன்னொன்று. எனக்கு எங்காவது மயக்கம் வந்து உனக்குப் போன் வந்தால், ஆக்சிஜனைக் கழுத்தில் வைக்கச் சொல். மூக்கில் வைத்தால் நுரையீரலுக்குப் போகாது. தம்பியிடமும் சொல்லிவை.

அன்புடன்,
அப்பா