2ஜியை நிறுத்தும் முன் ஒரு தடவை மலையேறி வாருங்கள்

செல்போன் கம்பெனி அதிகாரிகளுக்கு ஏற்காட்டிலிருந்து வணக்கம்.

போன மாதம் டவர் பார்க்க வந்த உங்கள் ஆள் டீக்கடையில் நின்றுகொண்டு, "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இந்தப் பட்டன் போனைக் கட்டிக்கிட்டு அழுவீங்க, 2ஜி எல்லாம் எடுத்துடப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நிஜமோ வாய்க்கு வந்த பேச்சோ, காபித் தோட்டத்தில் ராக்காவல் இருக்கும் என் அப்பாவுக்கு அன்றிலிருந்து அதே கவலை.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் 2ஜியில் ஓடும் அவர் பட்டன் போன் நாலைந்து நாள் தாங்கும். சும்மா இருக்கும் நேரமெல்லாம் அது தூங்குகிறது. டவர் கூப்பிடும் முறை வரும்போது மட்டும் விழித்து, நம்மையா என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துவிடும். பேசும்போதும் முறைதான். ஊர்க்குழாயில் முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பதுபோல ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் பங்குபோடுகிறார்கள், ஆளுக்கு ஒரு மில்லி நொடியில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 4.6 மில்லி நொடிக்குள் திரும்ப முதல் ஆள். குரலை 20 மில்லி நொடித் துண்டுகளாகச் சுருக்கி அனுப்புவதால் யாருக்கும் விட்டுவிட்டுக் கேட்பதில்லை.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மேட்டில் ஏறினால் எங்கள் போன் சில சமயம் கீழே சேலத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். அலை அவ்வளவு தூரம் போய்ச் சேர நேரமாகி அடுத்த ஆளின் முறையில் இடித்துவிடாமல் இருக்க, 'நீ கொஞ்சம் முந்தியே பேசு' என்று டவரே சொல்லிக்கொடுக்கிறது. சுமார் 550 மீட்டருக்கு ஒரு படி என்று 63 படி, அதாவது 35 கிலோமீட்டர் வரை. 1991-இல் பின்லாந்தில் ஓடத் தொடங்கிய ஏற்பாடு இது!

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2ஜியில் டவர்தான் சிம்மைச் சோதிக்கும், போன் டவரைச் சோதிக்காது, அதனால் போலி டவர் வைத்து ஏமாற்ற முடியும். பழசுதான், சரி. ஆனால் 2ஜியின் 900 மெகாஹெர்ட்ஸ் அலை சில்வர் ஓக் மரங்களைத் தாண்டிப் பள்ளத்துக்குள் வருகிற மாதிரி உங்கள் 4ஜி எங்கள் பக்கம் வருவதில்லை. தாழ்ந்த அலைவரிசையில் 4ஜியை முதலில் இங்கே கொண்டுவாருங்கள், அதில் பேசுகிற பட்டன் போனும் மலிவாகக் கிடைக்கட்டும், அப்புறம் நிறுத்துங்கள்.

நிறுத்தும் தேதியைத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புவதானால், ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்க 70 குறிக்குள் முடியுங்கள். எங்கள் புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறியாகக் கணக்காகின்றன.

வருவதானால் ஐப்பசி மழையில், ராத்திரி வாருங்கள். அப்பா தோட்டத்துப் பள்ளத்தில்தான் இருப்பார், உங்கள் போனிலிருந்து ஒரு கால் போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
காவல்காரர் மகன்