டயர் வெடித்தால் பிரேக்கைத் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலிருந்து புணானை, வெலிகந்தைப் பக்கம் நீண்ட நேரான வீதி. அங்கே வேகமாகப் போகும் வானில் டயர் வெடித்தால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். வாகனம் சுழன்று புரள்வது அதனால்தான்.

முன் டயர் வெடித்தால் அந்தப் பக்கத்துக்கு ஸ்டியரிங் இழுக்கும். பின் டயரென்றால் பின்பகுதி அலையும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேரே வைத்திருங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பின்பே இடப்பக்கம் ஒதுங்கலாம்.

வெயிலைத்தான் எல்லோரும் குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. அந்தச் சூட்டில் உள்ளே இறப்பரும் கம்பி அடுக்கும் பிரிகின்றன. ஆளும் மூட்டையும் கூடினால் சூடும் கூடும். ஆகவே காலையில், வாகனம் ஓடுமுன், காற்றைப் பாருங்கள். சரியான அளவு பொதுவாகச் சாரதியின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். டயரில் பொறித்திருப்பது உச்ச அளவு. அதுவரை அடிக்கக் கூடாது. ஓடிச் சூடான டயர் 4, 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடுதலாகக் காட்டும். அந்தக் கூடுதல் காற்றைத் திறந்துவிடுகிறார்களே, அதுதான் பெரும் பிழை!

பழைய டயர் வாங்குவோர் பக்கச்சுவரிலுள்ள 4 இலக்கத்தைப் பாருங்கள்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தேயாமல் புதிதுபோல் இருந்தாலும், 10 வருடம் கடந்ததையும் பக்கம் வீங்கியதையும் ஆளேற்றும் வானில் போடவே கூடாது. ஸ்பெயார் டயருக்கும் இதே கணக்குத்தான்.

வாசகர்,
களுவாஞ்சிக்குடி