ஒரே வண்டி வாங்குகிறவர்கள் சார்பில் பைக் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர், ஒரகடம், சாக்கன், நீம்ரானா என்று ஊருக்கு ஊர் தொழிற்சாலை வைத்து இந்தியாவுக்கு அட்வென்ச்சர் பைக் (மண்ணிலும் நெடுந்தூரத்திலும் ஓட்டுகிற வண்டி) செய்து தருகிற நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அடுத்த மாடல் எப்படி இருக்க வேண்டும் என்று மேசையில் அமர்ந்து முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

தேனிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். புதிதாக பைக் வாங்கப் போகிற பையன்கள் என்னிடம் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "அண்ணே, மண்ணுலயும் ஓட்டணும், லடாக்கும் போகணும். ரெண்டு லட்சத்துக்குள்ள ஒரு வண்டி சொல்லுங்க." கேட்பவன் கொரியர் கம்பெனியில் வேலை பார்ப்பான், இல்லையென்றால் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருப்பான். வீட்டில் நிற்கப்போவது அந்த ஒரு வண்டிதான். அதே வண்டி திங்கட்கிழமை வேலைக்குப் போகும், புதன்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும், ஞாயிற்றுக்கிழமை காட்டோரத் தோட்டப் பாதையில் ஏறும், லீவு சேர்ந்து கிடைத்தால் வடக்கே போகும். மண்ணுக்கு ஒன்று, ஹைவேக்கு ஒன்று என்று ஷெட்டில் இரண்டு நிறுத்துகிறவர்களுக்காக நீங்கள் நிறைய யோசித்துவிட்டீர்கள். இந்தப் பையனுக்காகவும் கொஞ்சம் யோசியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் எடை. இதைத்தான் நீங்கள் விளம்பரத்தில் சொல்வதே இல்லை. ஈரமான தோட்டப் பாதையில் வண்டி சாய்ந்தால் அதைத் தூக்கி நிறுத்தப்போவது ஓட்டியவன் ஒருத்தன்தான். 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ஐ 60 கிலோ ஆள் தனியாக நிமிர்த்திவிடலாம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் 196 கிலோவை அதே ஆள், அதே சேற்றில், மூன்றாவது தடவை சாய்ந்த பிறகு நிமிர்த்துவது வேறு கதை. ஹிமாலயனைக் குறை சொல்லவில்லை. 40 பிஎஸ் (குதிரைத்திறன்), 17 லிட்டர் டேங்க், முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் டிராவல் (பள்ளம் மேட்டில் சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம்), உட்காரும் உயரம் 825 மில்லிமீட்டர். தூரம் போக அருமையான வண்டி. ஆனால் 2023 நவம்பரில் அது வந்தபோதே ஷோரூம் விலை 2.69 லட்சத்தில் தொடங்கியது. எங்கள் பையனின் கணக்கு அங்கேயே முடிந்துபோகிறது.

நேர் எதிர்ப்பக்கம் கவாசாகி கேஎல்எக்ஸ் 230. வெறும் 139 கிலோ. 2024 இறுதியில் 3.30 லட்சத்துக்கு வந்தது, இங்கேயே செய்யத் தொடங்கியதும் 2 லட்சத்துக்குள் இறங்கிவிட்டது. இந்தியாவில் செய்தால் விலை எவ்வளவு குறையும் என்று ஜப்பான்காரர்களே போட்டுக் காட்டிய கணக்கு இது. மண்ணில் அந்த வண்டிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. டேங்கில்தான் சிக்கல், 7.6 லிட்டர். லிட்டருக்கு 35 ஓடினாலும் 266 கிலோமீட்டரில் வறண்டுவிடும். மணாலி–லே பாதையில் தாண்டி என்கிற ஊரின் பெட்ரோல் பங்கில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்று பல வருஷம் நின்ற பலகை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் தொங்கும் சாடில் பேக்கோடு கேனையும் கட்டிக்கொண்டு போகலாம், போகிறார்கள். ஆனால் பெட்ரோல் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு கல் பாதையில் குதிக்கிற வண்டியை நெடுந்தூர வண்டி என்று விற்காதீர்கள்.

கேடிஎம் 390 என்டூரோ ஆர் பற்றியும் சொல்ல வேண்டும். 9 லிட்டர் டேங்க் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 2025-ல் அது இங்கே வந்தபோது வெளிநாட்டு வண்டியின் 230 மில்லிமீட்டர் டிராவலைக் குறைத்து, முன்னால் 200, பின்னால் 205 என்று கொடுத்தார்கள். உட்காரும் உயரமும் 890-லிருந்து 860-க்கு இறங்கியது. முழு டிராவலோடு ஒரு வகை பிறகுதான் வந்தது. நம் ஊர் ஆட்களின் உயரத்தை நினைத்துச் செய்ததாக இருக்கலாம், அது நியாயமான கவலைதான். ஐந்தேகால் அடி ஆளுக்கு 860-உம் உயரம்தான், 890-உம் உயரம்தான். சீட்டின் நுரையைக் குறைத்தோ, பின் சஸ்பென்ஷனின் இணைப்பை (லிங்கேஜ்) மாற்றியோ தாழ்த்திக்கொள்ளும் வசதியை ஷோரூமிலேயே, வாரன்டி போகாமல் கொடுத்தால் போதும். ஒருத்தன் கால் எட்டவில்லை என்பதற்காக எல்லோர் சஸ்பென்ஷனையும் வெட்ட வேண்டியதில்லை.

ஹைவே பக்கம் வருகிறேன். இங்கே நீங்களும் தப்பாகக் கணக்குப் போடுகிறீர்கள், எங்கள் ஆட்களும் போடுகிறார்கள். நெடுந்தூரம் என்றாலே 140, 150-இல் பறக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். யாரும் அப்படி லடாக் போய்ச் சேர்ந்ததில்லை. திண்டுக்கல் தாண்டி 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் ஏறினால் நாள் முழுக்க 90-இல் போக வேண்டும், 90-இல் போகும்போது லாரியைத் தாண்ட இன்னும் 15, 20 மிச்சம் இருக்க வேண்டும், அந்த வேகத்தில் கை மரத்துப்போகக் கூடாது. கேட்பது அவ்வளவுதான். பழைய எக்ஸ்பல்ஸ் 200 இங்கேதான் திணறும். 90-க்கு மேல் என்ஜின் கத்தத் தொடங்கும், பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் தாண்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். லடாக்கின் கர்துங் லா கணவாய் உயரத்தில், 5,300 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். 19 குதிரைத்திறன் அங்கே பத்துக்குப் பக்கம் வந்துவிடும். ஆனாலும் ஏறிவிடுகிறது, மெதுவாக. மலையில் எல்லோரும் மெதுவாகத்தான் போகிறார்கள். பிரச்சினை மலையில் இல்லை, மலைக்குப் போய்ச் சேருகிற 3,000 கிலோமீட்டரில் இருக்கிறது.

அதனால்தான் 2025-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 210-ஐ நான் கவனமாகப் பார்த்தேன். லிக்விட் கூலிங், ஆறு கியர், 24.6 பிஎஸ், 13 லிட்டர் டேங்க், 21 அங்குல முன்சக்கரம், 200 மில்லிமீட்டரைத் தாண்டிய டிராவல், வந்தபோது ஆரம்ப விலை 1.76 லட்சம். இன்றைக்கு அந்தப் பையன் கேட்டால் நான் சொல்வது இதுதான். மண் அதிகம், ஹைவே கொஞ்சம் என்றால் யோசிக்காமல் இதை எடு. கையில் இன்னும் ஒரு லட்சம் இருந்து, ஹைவேதான் அதிகம் என்றால் ஹிமாலயன். மண் என்று நீ சொல்வது ஊர்ப்புற மண்ரோடு மட்டும்தான் என்றால் சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் போதும், 250 சிசி, அலுக்காத என்ஜின். ஆனால் அதன் 19 அங்குல அலாய் வீலைக் கல் பாதையில் வேகமாக விடாதே. ஸ்போக் வீல் அடிபட்டால் வளையும், தட்டி நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம். அலாய் வெடித்தால் அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

எக்ஸ்பல்ஸ் 210-உம் பழைய வண்டியைவிட எடை கூடி 170 கிலோ பக்கம் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிக்விட் கூலிங் வந்தால் ரேடியேட்டர், ஃபேன், தண்ணீர் எல்லாம் சேரத்தான் செய்யும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

இப்போது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. அதற்கு மேல் இருக்கிற வண்டிக்கு 40. வரிக்கு முந்தைய விலை 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு வரி 36,000 ரூபாய், மற்றதற்கு 80,000. அதற்கு மேல் தமிழ்நாட்டில் 1 லட்சத்தைத் தாண்டிய பைக்குக்கு 12 சதவீத சாலை வரி. 390 என்று பெயர் வைத்த கேடிஎம்மின் 398.6 சிசி என்ஜின் வெறும் 49 சிசியால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஹிமாலயனின் 452 இன்னும் தூரத்தில். 350 என்ற கோடு யார் நினைத்து எங்கே போட்டதோ, எங்கள் வண்டி எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்லிவிட்டது. 250-லிருந்து 350-க்குள், 30 குதிரைத்திறனைச் சுற்றி.

அந்த என்ஜின் உங்களில் ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஓசூர்க்காரர்கள், அதாவது டிவிஎஸ், 2025 அக்டோபரில் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 கொண்டு வந்தார்கள். 299 சிசி, 36 பிஎஸ், வந்தபோது ஆரம்ப விலை 1.99 லட்சம். ரோட்டுக்கு நல்ல வண்டி, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 19 அங்குல அலாய், 180 கிலோ. ஐயா, அந்த என்ஜினை அப்படியே எடுத்து, 21 அங்குல ஸ்போக் முன்சக்கரமும் 200 மில்லிமீட்டர் டிராவலும் கொடுத்து, முகப்பில் இருக்கிற பிளாஸ்டிக்கைக் கழற்றிப் போட்டு, 165 கிலோவுக்குள் ஒரு வண்டி செய்து பாருங்களேன். பெரிய ஸ்கிரீன் வேண்டாம். ஐந்து ரைடிங் மோடு வேண்டாம். க்ரூஸ் கன்ட்ரோல் கட்டாயம் வேண்டாம். எங்கள் ஊர் ரோட்டுக்கென்று எருமை மோடு இருந்தால் கேட்டு வாங்குவோம்.

வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். டியூப்லெஸ் ஸ்போக் வீல் முதலாவது. ஸ்போக் வீல் என்றால் துளை வழியே காற்று போகும், அதனால் டியூப் வேண்டும் என்பதெல்லாம் பழைய கதை. ஹிமாலயன் 450-க்கு ஆரம்பத்தில் இங்கே கிடைக்காத டியூப்லெஸ் ஸ்போக், 2024-ல் கூடுதல் பணம் கொடுத்தால் கிடைக்கும் என்று வந்தது. அதை 2 லட்ச ரூபாய் வண்டிக்கும் கொண்டு வாருங்கள். 90-இல் போகும்போது டியூப் கிழிந்தால் காற்று ஒரே மூச்சில் இறங்கும், பின்சக்கரம் பாம்பு மாதிரி நெளியும். டியூப்லெஸ் என்றால் ஓரமாக நிறுத்தி, ஒரு ஸ்ட்ரிப்பைக் குத்தி, பம்ப் அடித்துக் கிளம்பிவிடலாம். அத்துவானத்தில் வீலைக் கழற்றி, டயர் லெவர் போட்டு, டியூபை உருவுகிற வேலையைத் தனியாகச் செய்து பார்த்தவர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள்.

அடுத்து பின் ஏபிஎஸ், பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது. மண்ணிலும் சரளையிலும் அது இடைஞ்சல். அதை அணைக்கிற வசதி இப்போது நிறைய வண்டியில் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் சில வண்டிகளில் சாவியைத் திருப்பினாலே அது மறுபடி உயிர் பெற்றுவிடுகிறது. சரளை இறக்கத்தில் என்ஜின் ஆஃப் ஆகி, திரும்ப ஸ்டார்ட் செய்து, ஏபிஎஸ் அணைந்திருக்கிறது என்ற நினைப்பில் பிரேக்கை மிதிக்கிறவனின் நிலையை யோசியுங்கள். அதற்கு ஒரு சாதாரண பட்டன் வையுங்கள். மெனுவுக்குள் மெனுவாகப் போய்த் தேட வைக்காதீர்கள்.

பின்சீட்டைப் பற்றி யாருமே பேசுவதில்லை. மண்பாதைக்கான ட்ரெயில் வண்டி என்றால் பின்னால் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு சீட் வைத்துவிடுகிறீர்கள். சைலன்சரை மேலே தூக்கி வைக்கிறீர்கள், தண்ணீரில் இறங்கினால் அது நல்லதுதான், ஆனால் சாடில் பேக் அதில் பட்டு உருகுகிறது. அதற்கு ஒரு வெப்பத் தடுப்புத் தகடும், பை கட்ட நான்கு கொக்கியும், 10 கிலோ தாங்கும் என்று எழுதாமல் உண்மையிலேயே சுமை தாங்குகிற சப்-ஃபிரேமும் (பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் சட்டம்) சேர்த்தே கொடுங்கள். எங்கள் பக்கம் நெடுந்தூரம் என்றால் பெரும்பாலும் மனைவியோ தம்பியோ பின்னால் இருப்பார்கள்.

ஸ்பேர் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வண்டி கீழே விழுவதற்காகவே செய்யப்பட்டது என்று நீங்களே விளம்பரம் செய்கிறீர்கள். விழுந்தால் உடைவது கிளட்ச் லெவர், பிரேக் லெவர், இண்டிகேட்டர், கண்ணாடி, கியர் பெடல். இவை மாவட்டத் தலைநகரத்தில் எந்த நாளும் கைக்குக் கிடைக்க வேண்டும். ஒரு லெவருக்காக மூன்று வாரம் வண்டியை நிறுத்தி வைத்தவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டாம், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கொஞ்சம் வருத்தத்தோடு. உங்கள் விளம்பரங்களில் காட்டாற்றில் தண்ணீர் தெறிக்க வண்டி பாய்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பையன்கள் மேகமலைப் பக்கமும் ஜவ்வாது மலைப் பக்கமும் வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுகிறார்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம், அபராதம் கட்டுவது அவர்கள், உங்கள் கேமரா குழு எப்போதோ கிளம்பிவிட்டது. தமிழ்நாட்டில் மண் ஓட்ட இடம் இல்லாமல் இல்லை. வறண்ட ஏரிப் படுகை, தோட்டக்காரர் அனுமதித்த பாதை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத் தேரிகளுக்கு (செம்மணல் மேடுகள்) அருகே செம்மண் மணல் பாதைகள் என்று இருக்கின்றன. பெரிய ஊர்களுக்குப் பக்கத்தில் நாலைந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, மாதம் ஒரு ஞாயிறு பயிற்சி கொடுங்கள். விளம்பரச் செலவில் ஒரு ஓரத்தில் அது அடங்கிவிடும்.

2011-ல் இம்பல்ஸ் என்று 150 சிசியில் ஹீரோ ஒரு வண்டி விட்டது நினைவிருக்கும். ஹைவேயில் அதற்கு மூச்சு போதவில்லை, வாங்க ஆளும் அப்போது குறைவு, நின்றுபோனது. அதை வைத்து இந்தியாவில் இப்படிப்பட்ட வண்டிக்குச் சந்தை இல்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பல்ஸ் வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இப்போது "300 சிசிக்கு மேல் போகிறவர்கள் டூரிங் வண்டிதான் கேட்கிறார்கள்" என்று ஒரு புதுப் பேச்சு உங்கள் டீலர்களிடம் கேட்கிறது. கேட்பவனுக்குக் கடையில் இருப்பதைத்தானே காட்டுகிறார்கள்!

அடுத்த வண்டியைச் சோதிக்கும்போது பந்தயத் திடலுக்குக் கொண்டுபோவதற்கு முன், இரண்டு பக்கமும் பை கட்டி, பின்னால் ஆளை உட்கார வைத்து, மதுரையிலிருந்து பெங்களூர் வரை ஒரே மூச்சில் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் பைகளைக் கழற்றிவிட்டு அதே வண்டியை மணலில் இறக்குங்கள். சோதிக்கிறவர் 60 கிலோ ஆளாக இருக்கட்டும், விழுந்த வண்டியைத் தூக்க யாரும் உதவக் கூடாது.

இதற்கு நீங்கள் பதில் எழுதுவதாக இருந்தால் மூன்று எண் போதும்: பெட்ரோல் நிரப்பிய எடை, டேங்க் அளவு, தேனியில் ஆன்ரோடு விலை.

இப்படிக்கு,
இப்போதும் ஒரே ஒரு பைக் மட்டும் வைத்திருக்கிற ஒருவன்,
தேனி மாவட்டம்